'இது கான்சர் இல்லை, ஆனா கீமோ போடணும்': டெஸ்மாய்டு கட்டிக்கு குறைந்த அளவு கீமோதெரபி ஏன்? பேராக் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோளில் ஒரு கட்டி. கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, மெதுவாகப் பெரிதாகிறது. கையைத் தூக்கினால் வலி. பயாப்சி முடிவு வந்ததும் டாக்டர் சொல்கிறார்: "பயப்படாதீங்க மா, இது கான்சர் இல்லை." வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சில மாதங்கள் கழித்து அதே டாக்டர் சொல்கிறார்: "கட்டி வளர்ந்துகிட்டே இருக்கு. குறைந்த அளவு கீமோ ஆரம்பிக்கலாம்."

"கான்சர் இல்லைன்னா கீமோ எதுக்கு?" என்று அம்மா கேட்கிறார். மகளுக்குப் பதில் தெரியவில்லை.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் டெஸ்மாய்டு கட்டி வந்தவர்களின் வீடுகளில் உலகம் முழுக்க எழும் கேள்வி இது. பேராக்கில், ஈப்போவின் புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டின் பழைய தோட்டப் பகுதியிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இதோடு இன்னொரு கேள்வியும் சேரும்: வாரா வாரம் ஊசி போட யார் கூட்டிக்கொண்டு போவது?

இந்தச் சிகிச்சை என்ன, எவ்வளவு பலன் தருகிறது, லட்சங்களில் விற்கும் புதிய மருந்துகள் வந்த பிறகும் 60 ஆண்டு பழைய மருந்துகளை ஏன் கொடுக்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டெஸ்மாய்டு கட்டி என்றால் என்ன?

தசைநாண், தசையுறை போன்ற இணைப்புத் திசுக்களில் உருவாகும் அரிய கட்டி இது. தசைநாண் போல இறுக்கமாக இருப்பதால், கிரேக்க மொழியில் பட்டை அல்லது நாண் என்று பொருள்படும் 'டெஸ்மோஸ்' என்ற சொல்லிலிருந்து 1838-இல் ஜெர்மன் மருத்துவர் யொஹான்னெஸ் முல்லர் இந்தப் பெயரை வைத்தார்.

இதன் குணம் விசித்திரமானது. புற்றுநோய் போல நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவாது. ஆனால் சாதுவான கொழுப்புக் கட்டி போல ஒரு மூலையில் சும்மாவும் இருக்காது. இருக்கும் இடத்திலேயே வேர் விட்டு தசை, நரம்பு, ரத்தக் குழாய், சில நேரம் குடலைக்கூடச் சுற்றிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது 'இடைப்பட்டது, இருக்கும் இடத்தில் தீவிரமானது' என்ற பிரிவில் வருகிறது. கட்டிகளுக்கான சர்வதேசக் குறியீட்டில் சாதுவானவற்றுக்கு 0, புற்றுநோய்க்கு 3. டெஸ்மாய்டுக்கு 1.

அந்த '1' என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் பற்றிப் பேசும்போது அது திரும்ப வரும்.

ஒரு சொல் எச்சரிக்கையும் உண்டு. தமிழில் 'நார்த்திசுக்கட்டி' என்று தேடினால் பெரும்பாலும் கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டு பற்றிய தகவல்தான் வரும். அது வேறு, இது வேறு. டெஸ்மாய்டுக்குத் தமிழில் பழக்கமான பெயர் இல்லை. வீட்டில் விளக்கும்போது 'டெஸ்மாய்டு' என்றே சொல்வது குழப்பத்தைக் குறைக்கும்.

பேராக்கில் எத்தனை பேருக்கு வரலாம்?

வெளிநாட்டு ஆய்வுகளின்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 5 முதல் 6 பேருக்கு இந்தக் கட்டி புதிதாகக் கண்டறியப்படுகிறது. அதே விகிதம் இங்கேயும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 25 லட்சம் பேர் வாழும் பேராக்கில் ஆண்டுக்கு 12 முதல் 15 பேர். இது கணக்குப் போட்டுப் பார்த்த எண், பதிவேட்டிலிருந்து எடுத்ததல்ல. புற்றுநோய்ப் பதிவேடுகள் பெரும்பாலும் குறியீடு 3 உள்ள கட்டிகளையே எண்ணுகின்றன.

எண்ணிக்கை சிறிதாக இருப்பதே ஒரு பிரச்சினை. ஒரு கிளினிக் டாக்டர் தன் வாழ்நாளில் ஒரு டெஸ்மாய்டைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அதனால் இது 'கொழுப்புக் கட்டி', 'தழும்பு', 'சுளுக்கு' என்ற பெயர்களில் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

வயது இன்னொரு விஷயம். இது பெரும்பாலும் இளைஞர்கள், நடுவயதினரின் நோய். 30-களில் அதிகம் தெரிய வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது.

தோட்ட வேலைதான் காரணமா?

தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களில் இந்தச் சந்தேகம் இயல்பு. பால் வாளி சுமந்த தோள், மருந்து அடித்த கை என்று பெரியவர்கள் காரணம் தேடுவார்கள். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் களைக்கொல்லியின் நினைவு இன்னும் போகவில்லை.

ஆனால் டெஸ்மாய்டைப் பொறுத்தவரை மருத்துவம் அடையாளம் கண்டிருக்கும் காரணங்களில் பூச்சிக்கொல்லி இல்லை. பெரும்பாலான கட்டிகளில் 'பீட்டா கேட்டனின்' என்ற புரதத்துக்கான மரபணுவில் மாற்றம் இருக்கிறது. இது பிறப்பிலேயே வருவதில்லை, பிள்ளைகளுக்கும் போவதில்லை. கட்டி உருவாகும் அந்த ஓர் இடத்தில் மட்டும் நடக்கும் மாற்றம்.

ஒரு சிறு பகுதியினருக்கு 'ஏபிசி' என்ற மரபணுவில் குடும்ப வழி மாற்றம் இருக்கும். பெருங்குடலில் நூற்றுக்கணக்கான சதை வளர்ச்சிகளை உண்டாக்கும் பரம்பரை நோயுடன் இது தொடர்புடையது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஆகவே அப்பாவுக்கோ அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ இளம் வயதில் குடல் புற்றுநோய் வந்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கொலனோஸ்கோபி தேவையா என்று முடிவெடுக்க அந்த ஒரு தகவல் உதவும்.

அறுவை சிகிச்சைத் தழும்பு, அடிபட்ட இடம், கர்ப்பகாலத்தை ஒட்டி வயிற்றுச் சுவர் ஆகிய இடங்களிலும் இது தோன்றுவதுண்டு. ஆனால் அடிபட்டவர்கள், பிள்ளை பெற்றவர்கள் என எல்லோருக்கும் வருவதில்லை. யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை.

'சரி, வெட்டி எடுத்துட வேண்டியதுதானே?'

ஒரு காலத்தில் அதுதான் முதல் சிகிச்சை. இன்று அப்படி இல்லை. வெட்டிய இடத்திலேயே மறுபடி வளர்வது இந்தக் கட்டியின் வழக்கம். மறுபடி வெட்ட, மறுபடி வளர, கடைசியில் நோயைவிட அறுவை சிகிச்சையே கையையும் காலையும் முடக்கிவிடும் நிலை வரலாம்.

அதைவிட ஆச்சரியமான செய்தி ஒன்று உண்டு. பல டெஸ்மாய்டுகள் தானாகவே வளர்ச்சியை நிறுத்துகின்றன, சில சுருங்கவும் செய்கின்றன. இத்தாலியில் 108 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை.

அதனால்தான் டெஸ்மாய்டு நிபுணர்களின் சர்வதேசக் குழு 2020-இலும் 2024-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பெரும்பாலோருக்கு 'முதலில் கவனித்துப் பார்ப்போம்' என்கின்றன. அதாவது குறிப்பிட்ட இடைவெளியில் எம்ஆர்ஐ எடுத்து, கட்டி என்ன செய்கிறது என்று பார்ப்பது.

"டாக்டர் ஒண்ணும் செய்யலை, சும்மா ஸ்கேன் மட்டும் எடுக்கிறார்" என்று வீட்டில் கோபப்படுவார்கள். ஆனால் அந்தக் காத்திருப்புதான் இப்போது முதல் கட்டச் சிகிச்சை. ஸ்கேன் தேதியைத் தவறவிட்டால்தான் அது 'ஒண்ணும் செய்யாமல் இருப்பது' ஆகிவிடும்.

கட்டி தொடர்ந்து வளர்ந்தால், வலி தாங்க முடியாமல் போனால், குடல், கழுத்து போன்ற ஆபத்தான இடத்தில் இருந்தால் மருந்துக்குப் போகிறார்கள். குறைந்த அளவு கீமோ வருவது இந்தக் கட்டத்தில்தான்.

'குறைந்த அளவு' என்றால் எவ்வளவு குறைவு?

பெரியவர்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் கூட்டணி இரண்டு மருந்துகள்: மெத்தோட்ரெக்ஸேட், வின்பிளாஸ்டின். சில மையங்களில் வின்பிளாஸ்டினுக்குப் பதில் அதன் உறவு மருந்தான வினோரெல்பின். வினோரெல்பின் வாய்வழி மாத்திரையாகவும் உண்டு.

அளவை உடலின் மேற்பரப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். இந்தச் சிகிச்சையில் ஒரு சதுர மீட்டருக்கு 30 மில்லிகிராம் மெத்தோட்ரெக்ஸேட், 5 அல்லது 6 மில்லிகிராம் வின்பிளாஸ்டின், வாரம் ஒரு முறை. ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்க்கு அதே மெத்தோட்ரெக்ஸேட்டை சதுர மீட்டருக்கு 12,000 மில்லிகிராம் வரை கொடுப்பதுண்டு. அதாவது 400 மடங்கு.

மறுபக்கம் பார்த்தால், மூட்டுவாதத்துக்குப் பலர் இதே மருந்தை வாரம் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பாட்டியின் மருந்துப் பையிலேயே அது இருக்கலாம். 1.6 சதுர மீட்டர் மேற்பரப்பு உள்ள ஒருவருக்கு டெஸ்மாய்டு சிகிச்சையில் கிடைப்பது வாரம் சுமார் 48 மில்லிகிராம். மூட்டுவாத அளவுக்கு அருகில், புற்றுநோய் அளவுக்கு வெகு தூரத்தில்.

ஏன் இவ்வளவு குறைவு போதும்? டெஸ்மாய்டு மெதுவாக வளர்வது. வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்களை ஒரே அடியில் அழிப்பது போன்ற தாக்குதல் இங்கே தேவையில்லை. சிறு அளவை நீண்ட காலம், சாதாரணமாக ஓராண்டு அளவில், விடாமல் கொடுத்து வளர்ச்சியை அடக்குவதுதான் நோக்கம். பலன் தெரியவும் மாதங்கள் ஆகும். மருந்தை நிறுத்திய பிறகும் கட்டி சுருங்கிக்கொண்டே போவதுண்டு.

மெட்ராஸில் படித்தவரும் வேலியோரச் செடியும்

இந்த இரண்டு மருந்துகளின் கதையும் நமக்குத் தூரத்துக் கதை அல்ல.

மெத்தோட்ரெக்ஸேட்டின் முன்னோடி அமினோப்டெரின். அதை உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்கூடக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் குழு அனுப்பிய மருந்தைக் கொண்டுதான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்த முடியும் என்று 1948-இல் காட்டினார். அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார்.

வின்பிளாஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் சிலர் சுடுகாட்டு மல்லி என்பார்கள். தோட்டத்து வீடுகளின் வாசலிலும் கோயில் ஓரத்திலும் பூத்துக் கிடக்கும் அதே செடிதான். 1950-களில் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், ஜமைக்காவில் நீரிழிவுக்குப் பயன்படுத்தப்பட்ட இந்த இலைகளைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. 1958-இல் வின்பிளாஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்துக் கஷாயம் வைக்க வேண்டாம். மருந்தில் இருப்பது மிகத் துல்லியமாக அளக்கப்பட்ட சில மில்லிகிராம். இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் செடி நச்சுத்தன்மை உள்ளது.

இது உண்மையில் வேலை செய்கிறதா?

செய்கிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. இரண்டு முக்கிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

முதலாவது, இத்தாலியின் மிலான் மருத்துவர்கள் 2001-இல் வெளியிட்டது. 30 நோயாளிகள். சுமார் 40 சதவீதத்தினருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது, பெரும்பாலான மற்றவர்களுக்கு வளர்ச்சி நின்றது. பத்து ஆண்டுக் கணிப்பில் 67 சதவீதத்தினருக்கு நோய் மீண்டும் முன்னேறவில்லை.

இரண்டாவது, பிரான்ஸில் நடந்து 2019-இல் வெளியான 'டெஸ்மோபாஸ்' ஆய்வு. இதில் கட்டி வளர்ந்துகொண்டிருந்த 72 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு பசோபனிப் மாத்திரையும் மறு பிரிவுக்குக் குறைந்த அளவு கீமோவும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் கட்டி வளராமல் இருந்தவர்கள் பசோபனிப் பிரிவில் 83.7 சதவீதம், கீமோ பிரிவில் 45 சதவீதம்.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. அப்படியானால் கீமோ தோற்றுவிட்டதா? அவசரப்பட வேண்டாம். ஆறு மாதம் என்பது மெதுவாக வேலை செய்யும் மருந்துக்குக் குறுகிய காலம். மிலான் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவே இல்லை என்பதால், அதில் தெரிந்த பலனில் எத்தனை மருந்தால் வந்தது, எத்தனை தானாக நின்றது என்று பிரிக்க முடியாது. சோராஃபெனிப் மருந்தைச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வில் வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களிலேயே 20 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. இந்த நோயின் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது அந்த 20 சதவீதத்தை மறக்கக்கூடாது.

ஆக, நேர்மையான பதில் இதுதான்: குறைந்த அளவு கீமோ இருப்பதிலேயே வேகமான ஆயுதமல்ல. ஆனால் பொறுத்திருக்க முடிந்தவர்களில் பலருக்கு நீண்ட கால அமைதியைத் தரக்கூடிய ஒன்று. கட்டி வேகமாக வளர்ந்து உறுப்பை அழுத்துகிறது என்றால், மருத்துவர்கள் வேறு வலுவான மருந்துகளை யோசிப்பார்கள்.

புதிய மாத்திரைகள் இருக்கும்போது பழைய மருந்து எதற்கு?

2023 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் எஃப்டிஏ, நிரோகாசெஸ்டாட் என்ற மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. டெஸ்மாய்டுக்கென்றே அங்கு அனுமதி பெற்ற முதல் மருந்து அது. 2025-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதித்தது. 142 பேர் பங்கேற்ற ஆய்வில், நோய் முன்னேறும் ஆபத்தை அது 71 சதவீதம் குறைத்தது. 41 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. போலி மாத்திரைப் பிரிவில் இது 8 சதவீதம்.

பிறகென்ன, அதையே கொடுக்கலாமே? இரண்டு தடைகள்.

முதல் தடை விலை. அமெரிக்காவில் அறிமுகமானபோது ஒரு மாத மருந்தின் பட்டியல் விலை 29,000 டாலர். ஒரு டாலருக்கு 4 ரிங்கிட் என்று வைத்தாலே மாதம் 1,16,000 ரிங்கிட். ஓராண்டுக்குச் சுமார் 14 லட்சம் ரிங்கிட். மாறாக, மெத்தோட்ரெக்ஸேட், வின்பிளாஸ்டின் இரண்டுக்கும் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை.

இரண்டாவது தடை, இளம் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. அந்த ஆய்வில் நிரோகாசெஸ்டாட் எடுத்த, கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் 75 சதவீதத்தினருக்குக் சூலகச் செயல்பாடு பாதிக்கப்பட்டது. பெரும்பாலோருக்குப் பின்னர் சரியானது. இருந்தாலும் குழந்தை பற்றிய திட்டம் உள்ள ஒருவருக்கு இது சிறிய விஷயமல்ல.

இடையில் இன்னொரு வழி உண்டு. சோராஃபெனிப். மேலே சொன்ன 2018 ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 81 சதவீதம். போலி மாத்திரைப் பிரிவில் 36 சதவீதம். இந்த மருந்தின் விலைக் கதையும் நம் வட்டாரத்தைத் தொடுகிறது. 2012-இல் இந்திய அரசு இதற்குக் கட்டாய உரிமம் வழங்கியது. மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த விலை 8,800 ரூபாய் ஆனது. மலேசியாவும் 2017-இல் கல்லீரல் அழற்சி சி நோய்க்கான சோஃபோஸ்புவிர் மருந்துக்கு இதே போன்ற அரசு உரிமையைப் பயன்படுத்தியது. விலையைக் குறைக்கும் கருவி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்குச் சுமார் இருநூறு பேருக்கு மட்டுமே வரக்கூடிய நோய்க்கு அதை எடுக்கச் சொல்லி யார் குரல் கொடுப்பார்கள் என்பதுதான் கேள்வி.

வாரா வாரம் ஆஸ்பத்திரி: பேராக்கின் உண்மையான கணக்கு

இந்த மருந்துகளின் விலை குறைவுதான். ஆனால் பயணச் செலவை யாரும் மருந்துச் சீட்டில் எழுதுவதில்லை.

பிரெஞ்சு ஆய்வின் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதம் வாரம் ஒரு முறை, அடுத்த ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மொத்தம் சுமார் 39 ஊசி நாட்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். போய் வர 60. ஓராண்டில் 2,340 கிலோமீட்டர். சிகிச்சை ஈப்போவில் இல்லாமல் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ என்றால் இந்த எண் பத்தாயிரத்தைத் தாண்டும். ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் போகும் நாட்கள் தனி.

முன்பு தோட்டத்துக்குள்ளேயே சின்ன ஆஸ்பத்திரியும் டிரெசரும் இருந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்கள் ஆயின. மக்கள் சிறு பட்டணங்களின் மலிவு வீடுகளுக்கு நகர்ந்தார்கள். வண்டி ஓட்டத் தெரியாத அம்மா, ஷிப்ட் வேலைக்குப் போகும் அண்ணன், பேருந்து அதிகம் வராத சாலை. இந்த நிலையில் 39 நாட்கள் என்பது பெரிய எண்.

விடுப்பும் அப்படித்தான். மலேசிய வேலைச் சட்டத்தின்படி, மருத்துவமனையில் தங்கத் தேவையில்லாத நோய்க்கு ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு, பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாட்கள். 39-க்கு இது எட்டாது. மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் தனியாக 60 நாட்கள் உண்டு. 'டே கேர்' முறையில் ஊசி போடும்போது சான்றிதழ் எந்த வகையில் எழுதப்படும் என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. நாள் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு அந்த ஒரு வரி முக்கியம்.

சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: ரத்தப் பரிசோதனையை வீட்டுக்குப் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் எடுக்கலாமா? ஊசியை ஈப்போவிலேயே போட்டுக்கொண்டு, நிபுணரை மட்டும் சில மாதங்களுக்கு ஒரு முறை வெளியூரில் பார்க்கலாமா? வாய்வழி மருந்துக்கு மாற முடியுமா? எல்லாவற்றுக்கும் 'முடியும்' என்று பதில் வராது. ஆனால் கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்லப்போவதில்லை.

'கான்சர்' என்ற சொல்லில் சிக்கும் பணம்

முன்பு சொன்ன '1' என்ற குறியீடு இங்கேதான் வருகிறது.

தனியார் காப்புறுதியில் 'கடும் நோய்' பாலிசிகள் பெரும்பாலும் 'மாலிக்னன்ட்' புற்றுநோய்க்கே பணம் தருகின்றன. டெஸ்மாய்டு அந்தச் சொல்லுக்குள் அடங்காமல் போகலாம். கீமோ ஏற்றுகிறீர்கள், முடி மெலிகிறது, வேலைக்குப் போக முடியவில்லை. ஆனால் படிவத்தில் 'இது புற்றுநோய் அல்ல'. ஆஸ்பத்திரிச் செலவுக்கான மெடிக்கல் கார்டு வேறு வகை. அதன் விதிகளைத் தனியாகப் படிக்க வேண்டும்.

அரசின் 'பெக்கா பி40' திட்டத்தில் போக்குவரத்து உதவியும், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. ஆனால் அது 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. 30-களில் அதிகம் வரும் ஒரு நோய்க்கு, வயது என்ற கதவும் 'புற்றுநோய்' என்ற கதவும் சேர்ந்தே மூடிக்கொள்கின்றன.

திறந்திருக்கும் கதவுகளும் உண்டு. சொக்சோவின் இயலாமைத் திட்டம் நோயின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிறது. அரசு மருத்துவமனைகளின் மருத்துவ சமூகப்பணிப் பிரிவு, உதவி நிதிகளுக்கு விண்ணப்பிக்க வழிகாட்டும். மலேசியக் குடிமக்கள் அரசு நிபுணரைப் பார்க்கும் கட்டணம் 5 ரிங்கிட் என்பதும் ஒரு பெரிய பலம்தான்.

பக்கவிளைவுகள்: எதில் கவனம் வேண்டும்?

'குறைந்த அளவு' என்றால் 'ஒன்றும் ஆகாது' என்று பொருளல்ல. பிரெஞ்சு ஆய்வில் கீமோ எடுத்தவர்களில் 45 சதவீதத்தினருக்கு வெள்ளை அணுக்களின் ஒரு வகை கடுமையாகக் குறைந்தது. 18 சதவீதத்தினருக்குக் கல்லீரல் நொதிகள் கடுமையாக உயர்ந்தன. குமட்டல், களைப்பு, வாய்ப்புண், மலச்சிக்கல், விரல் மரத்துப்போதல் ஆகியவையும் வரலாம்.

- காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.
- மெத்தோட்ரெக்ஸேட்டை மாத்திரையாகக் கொடுத்தால், அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் எழுதி வையுங்கள்.
- மது வேண்டாம். சம்சு, கள், பீர் எதுவானாலும் கல்லீரலுக்கு இரட்டைச் சுமை.
- வேறு கிளினிக்குக்குப் போனால் மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பதைச் சொல்லுங்கள். பாக்ட்ரிம் என்று அறியப்படும் ஆன்டிபயாட்டிக் இதனுடன் சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். சில வலி மாத்திரைகளும் அப்படியே.
- ஊசி ஏறும்போது கையில் எரிச்சலோ வீக்கமோ இருந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். வின்பிளாஸ்டின் ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தசையைப் புண்ணாக்கும்.
- மெத்தோட்ரெக்ஸேட் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். சிகிச்சையின்போது கருத்தடை அவசியம். கடைசி மருந்துக்குப் பிறகு பெண்கள் குறைந்தது ஆறு மாதமும், ஆண்கள் மூன்று மாதமும் காத்திருக்க வேண்டும்.

கடைசி விஷயத்தை அம்மா, அப்பா முன்னால் பேச வெட்கமாக இருக்கலாம். டாக்டரிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

- பயாப்சியை மென்திசுக் கட்டிகளில் அனுபவமுள்ள நோய்க்கூறு நிபுணர் பார்த்தாரா?
- என் கட்டியில் பீட்டா கேட்டனின் மாற்றம் இருக்கிறதா? இல்லையென்றால் எனக்குக் குடல் பரிசோதனை வேண்டுமா?
- இப்போதே சிகிச்சை தேவையா, இன்னொரு ஸ்கேன் வரை காத்திருக்கலாமா?
- கீமோ பலன் தருகிறதா என்று எத்தனை மாதத்தில் முடிவு செய்வீர்கள்? பலன் இல்லையென்றால் அடுத்தது என்ன?
- பிறகு குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். அதற்கேற்ற வழி எது?

வீட்டில் எப்படி விளக்குவது?

பல வீடுகளில் மலாயிலோ ஆங்கிலத்திலோ டாக்டர் சொல்வதைத் தமிழில் மாற்றிச் சொல்லும் வேலை இளையவர்களுடையது. சில நேரம் நோயாளியே மொழிபெயர்ப்பாளர். அந்த இடத்தில் 'கீமோ' என்ற சொல் விழுந்ததுமே பாட்டி அழத் தொடங்கிவிடுவார்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பாட்டி, இது பரவுற நோய் இல்லை. உயிரை உடனே எடுக்கிற நோயும் இல்லை. ஆனா வளர்ந்தா நரம்பை அமுக்கும். அது வளராம இருக்கத்தான் இந்த மருந்து. உங்க மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிறாங்களே, அதே மருந்தும் இதுல இருக்கு, அளவு கூட. வாரம் ஒரு தடவை, ஒரு வருஷம் மாதிரி."

இதில் பொய் எதுவும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. கூடவே ஒரு வேலையும் கொடுங்கள்: ஸ்கேன் தேதியையும் ஊசி தேதியையும் காலண்டரில் வட்டம் போடுவது, யார் எந்த வாரம் கூட வருவது என்று பேசி வைப்பது. இந்தச் சிகிச்சை வெற்றி பெறுவது மருந்தால் மட்டுமல்ல. 39 முறையும் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடிவதாலும்தான்.